பெரியதாகக் கேளும் ஆண்டவரே, தருகிறேன்

கடவுளுக்கு எதையும் ஒப்புக்கொடுப்பதில் எனக்கு ஒருநாளும் தயக்கம் இருந்ததில்லை, அவர் அதைக் கேட்காமல் இருக்கிறவரை. உயிரைக் கேட்டால் தருவேன். ஆப்பிரிக்காவுக்கு மிஷனரியாகப் போ என்றால் அன்றைக்கே பெட்டி கட்டுவேன். உனக்குள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடு என்றால், விற்பதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே என்பதைத் தவிர வேறு ஆட்சேபம் சொல்லமாட்டேன். ஆனால் அவர் இதில் ஒன்றையும் கேட்பதில்லை. காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் எழுந்து மோட்டார் போடச் சொல்கிறார். அதுவும் என் மனைவியின் வாய்வழியாக. எனக்கும் அவருக்கும் தகராறு தொடங்கும் இடம் இதுதான்.

பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். தாத்தா உபதேசியார். குடும்ப ஜெபம் முடியாமல் எங்கள் வீட்டில் இரவுச் சோறு கிடையாது. ஆராதனை முறைமையைப் புத்தகம் பார்க்காமலே சொல்லுவேன். தன் சித்தத்தை விட்டுத் தேவ சித்தத்துக்குக் கீழ்ப்படிவது எப்படி என்று கேட்டால், எந்தத் தயாரிப்பும் இல்லாமல் அரை மணி நேரம் பேசுவேன். வாலிபர் கூட்டத்தில் அப்படிப் பேசியும் இருக்கிறேன். எனக்குக் கொடுத்திருந்த நேரம் இருபது நிமிஷம். மணி அடித்தார்கள். கீழ்ப்படிதலைப் பற்றிய முக்கியமான பகுதிக்கு அப்போதுதான் வந்திருந்தேன், நிறுத்தவில்லை.

ஆண்டின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் உடன்படிக்கை ஆராதனை நடக்கும். இது நெல்லைச் சீமையில் முளைத்த வழக்கம் அல்ல. 1755 ஆகஸ்ட் 11 அன்று லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியிலிருந்த பிரெஞ்சு ஆலயத்தில் ஜான் வெஸ்லி இதை நடத்தினார். ரிச்சர்ட் அலெய்ன் என்ற பியூரிட்டன் போதகர் எழுதி வைத்திருந்ததையே அவர் எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய 1800 பேர் எழுந்து நின்று சம்மதம் தெரிவித்ததாகத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். எங்கள் பக்கத்து முன்னோர் ஆங்கிலிக்கன் மிஷன்களின் வழி வந்தவர்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்தார்கள். அவர்களுடைய சீதனமாக இந்த ஆராதனையும் வந்து சேர்ந்தது. எங்களைப் பயன்படுத்துவதும் ஒதுக்கி வைப்பதும் ஆண்டவருடைய இஷ்டம் என்ற பொருளில் சபையார் எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஒரு பகுதி அதில் உண்டு. அந்தப் பகுதியை நான் சத்தமாகச் சொல்லுவேன். முன் வரிசையிலிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு வருஷம் அந்த ஆராதனை முடிந்த கையோடு எங்கள் போதகர் ஐயர் என்னை வெஸ்ட்ரி அறைக்குக் கூப்பிட்டார். "சார், இந்த வருஷம் வேதபாடம் வாசிக்க வாலிபப் பிள்ளைகள விடலாம்னு இருக்கோம். நீங்க வாசல்ல நின்னு, வர்றவங்களுக்கு இடம் காட்டி உக்கார வைங்களேன்" என்றார். வருஷக்கணக்காக வேதபாடம் வாசித்து வந்தவன் நான். "ஸ்தோத்திரம் ஐயா, எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்றேன். சொன்னது உதடு. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உள்ளே பேசிக்கொண்டு வந்தது வேறொருவன். ஒதுக்கி வைத்தாலும் சரி என்று அரை மணி நேரத்துக்கு முன்னால்தானே சொன்னாய் என்று அவனை யாரும் கேட்கவில்லை. அந்த உடன்படிக்கையில் ஒதுக்குகிறவர் ஆண்டவர். இங்கே ஒதுக்கினது ஐயர் அல்லவா!

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் நான் வேத வசனத்தைக் கேட்கவில்லை, உச்சரிப்பைக் கேட்டேன். நேபுகாத்நேச்சாரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்ட பையனை மனதுக்குள் குறித்துக்கொண்டேன். ஒரு சிறுமி லேவியராகமத்தில் ஓர் இடத்திலும் தடுமாறாமல் வாசித்து முடித்த அன்று எனக்கு ஆராதனையே ருசிக்கவில்லை. வாசல் வேலையையாவது தாழ்மையாகச் செய்தேனா? அதிலும் ஓர் அதிகாரத்தைக் கண்டுபிடித்துக்கொண்டேன். எனக்கு வேண்டியவர்களுக்கு மின்விசிறிக்கு அடியில் இடம். கமிட்டித் தேர்தலில் எனக்கு எதிராக வேலை செய்தவருக்குத் தூணுக்குப் பின்னால் இடம். அங்கே உட்கார்ந்தால் பீடம் தெரியாது, காணிக்கைப் பை மட்டும் தவறாமல் வந்துவிடும்.

புத்தாண்டு அட்டை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் ஆலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சொல்லிவிடுவார். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த வசன அட்டைகளைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். கண்ணை மூடி, ஜெபம் பண்ணி, ஒன்றை எடுக்க வேண்டும். ஆண்டவர் அந்த வருஷம் நமக்குச் சொல்வது அது என்று நம்பிக்கை. நான் ஜெபம் பண்ணித்தான் எடுத்தேன். பொறுமையாகக் காத்திருப்பதைப் பற்றிய வசனம் வந்தது. அந்த வருஷம் எனக்கு ஒரு பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. காத்திருக்கும் உத்தேசம் இல்லை. கை தவறினதுபோல் அட்டையைத் தட்டில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தேன். வீட்டில் செல்வம் தங்கும் என்று வந்தது. ஆமென் என்றேன். பக்கத்தில் நின்ற கோயில்பிள்ளை, "புடிச்சதாப் பாத்து எடுத்துக்கிடுங்க சார், தட்டுல நெறைய கெடக்கு" என்றார். பதவி உயர்வு வரவில்லை. நான் காத்திருந்தேன். முதல் அட்டைதான் பலித்தது.

இடம் வாங்கின கதை இதைவிட மோசம். ஊருக்கு வெளியே நாலு சென்ட் வீட்டுமனை ஒன்று கண்ணில் பட்டது. பார்த்த அன்றே அதில் வீடு கட்டி, முன்னால் ஒரு வேம்பும் மனதுக்குள் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் தேவ சித்தத்தைத் தேட உட்கார்ந்தேன். கிதியோன் மயிருள்ள தோலைக் களத்தில் போட்டு அடையாளம் கேட்டானல்லவா, அதேபோல நானும் ஓர் அடையாளம் வைத்தேன்: விற்கிறவர் சென்டுக்குப் பத்தாயிரம் குறைத்தால் இது உம்முடைய சித்தம். அவர் பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை. ஆண்டவர் இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆகையால் இது சாத்தானுடைய தடை என்று முடிவு செய்தேன். அந்த முடிவுக்கு ஆவிக்குரிய பெரியவர் ஒருவருடைய ஒப்புதல் வேண்டும் என்பதற்காக எனக்குத் தெரிந்த போதகர்களிடம் வரிசையாகப் போய் ஜெபிக்கச் சொன்னேன். அவசரப்படாதீர்கள் என்று ஒருவர் சொன்னார். அவருக்குத் தரிசனம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். பத்திரத்தை வக்கீலிடம் காட்டினீர்களா என்று இன்னொருவர் கேட்டார், உலகப்பிரகாரமான ஆள். கடைசியில் ஒருவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "தைரியமா வாங்குங்க தம்பி, கர்த்தர் தந்த எடம்" என்றார். அவரைத் தேவ மனிதர் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். மழைக்காலத்தில் அந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. கிதியோன் கேட்டபடி தோல் ஒருநாள் பனியில் நனைந்தது, மறுநாள் காய்ந்திருந்தது. எனக்கு வருஷந்தோறும் பனியே.

இதை யோசிக்கும்போது கெத்செமனே தோட்டம் நினைவுக்கு வந்து வெட்கப்படுத்துகிறது. அங்கே இயேசு மூன்று தரம் ஜெபித்தார். பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்ற தம் விருப்பத்தை முதலில் ஒளிக்காமல் பிதாவிடம் சொன்னார். அதற்குப் பிறகே பிதாவின் சித்தத்துக்கு விட்டார். இரத்தப் பெருந்துளிகளைப் போல வேர்வை விழுந்ததாக லூக்கா எழுதுகிறார்; அவ்வளவு நிஜமான போராட்டம். என் ஜெபமோ தலைகீழ். உம்முடைய சித்தம் என்பதை முதலிலேயே, நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்லிவிடுவேன். என் ஆசை இன்னது என்று வாயைத் திறந்து சொல்லவேமாட்டேன்; சொன்னால் அவர் வேண்டாம் என்று சொல்லிவிடலாமே. சொல்லாமல் வைத்திருக்கும் ஆசையை எந்தக் கடவுளும் என் கையிலிருந்து வாங்க முடியாது. தன் ஆசையை மறைக்கிறவன் எதையும் ஒப்புக்கொடுக்கவில்லை, பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறான். பக்தியாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பூட்டு சுலபமாகக் கிடைக்கிறது.

ஒரு தடவை சபையார் எல்லாரும் டோனாவூருக்குப் பஸ் வைத்துப் போனோம். அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியாவுக்கு வந்து, 1901 முதல் டோனாவூரில் குழந்தைகளுக்குத் தாயாக வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் இடம் அது. 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் குழிக்குள் விழுந்து கால் முறிந்தது. அதற்குப் பிறகு 1951 ஜனவரியில் இறக்கிறவரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். அங்கிருந்தே புத்தகங்களும் கடிதங்களும் எழுதினார். விழுந்த அன்று காலையில்தான், உமக்கு இன்னும் நன்றாக ஊழியம் செய்ய உதவும் எதையும் எனக்குச் செய்யும் என்ற கருத்தில் அவர் ஜெபித்திருந்தாராம். அவர் வரலாற்றை எழுதினவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். அவருடைய கல்லறையில் பெயர் பொறித்த பெரிய கல் இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி இருக்கிறது, அதில் அம்மா என்று எழுதியிருக்கிறது. அந்த இடத்தில் நின்று நான் அழுதேன். பொய்யில்லை, நிஜமாகவே அழுதேன். இனி எனக்கென்று ஒரு விருப்பமும் இல்லை ஆண்டவரே என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால், பஸ்ஸில் என் ஜன்னலோரத்து இடத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். "இது நான் துண்டு போட்டு வச்ச எடம்" என்றேன். கண்ணில் ஈரம் அப்போதும் காயவில்லை. "ஒக்காருமய்யா, ஒக்காரும்" என்று பாட்டி எழுந்துகொண்டார். பாளையங்கோட்டை வரை காற்று நன்றாக வந்தது.

வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த அறிக்கை நிறைவு பெறாது. எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தில் மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வரும் இருபத்திரண்டாம் வசனம் எனக்கு மனப்பாடம். அதற்கு முந்தின வசனத்தில் பவுல் எல்லாரையும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லியிருப்பதை, தலை நரைத்த பிறகு என் மகள் எடுத்துக் காட்டித்தான் பார்த்தேன். அந்தப் பக்கத்தை நான் புரட்டாத வருஷம் கிடையாது. ஆனாலும் அது கண்ணில் படவில்லை. என் சித்தத்தை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பதற்குப் பதிலாக, வீட்டிலுள்ளவர்களுடைய சித்தத்தை என்னிடம் ஒப்புக்கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குப் பக்தியான குடும்பம் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஆண்டவர் சித்தம் என்ற சொல்லை மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதில் நான் தாராளம். பக்கத்து வீட்டுத் தம்பிக்கு வேலை போனபோது, "எல்லாம் ஆண்டவர் சித்தம் தம்பி, நன்மைக்குத்தான்" என்றேன். அவன் பதில் பேசவில்லை. என் மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்காத அன்று அந்தச் சொல் எனக்கு ஞாபகமே வரவில்லை. யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்று இரவெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்தவன் இழப்பு உடனே தேவ சித்தம். என் இழப்பு எங்கோ நடந்துவிட்ட தவறு. அந்தத் தம்பிக்கு நான் சொன்னது ஆறுதல் அல்ல. அவனுடைய வீட்டுத் திண்ணையில் கூடக் கொஞ்ச நேரம் உட்காருவதிலிருந்து தப்பிக்கச் சொன்னது.

ஆலயத்தில் அறுப்பின் பண்டிகைக் காணிக்கைகளை ஏலம் விட்டபோது ஒரு பூசணிக்காய்க்காக எனக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் நடந்த போட்டியை ஊரே பார்த்தது. விலை ஏற ஏற எனக்குள் ஒரு பரிசுத்த வைராக்கியம் ஏறியது. கடைத்தெரு விலையைப்போலப் பல மடங்கு கொடுத்து எடுத்தேன். என் பெயரை மைக்கில் சொன்னார்கள். மறுநாள், வீட்டு வேலைக்கு வருகிற அக்கா பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செருப்பு வாங்க வேண்டும் என்று முன்பணம் கேட்டார். பூசணிக்காய் விலையில் பாதிகூட வராது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். முதல் நாள் நான் கர்த்தருக்குக் கொடுத்தேன் என்று ஆலயக் கணக்கில் இருக்கிறது. மறுநாள் கர்த்தர் வந்து கேட்டபோது கொடுக்கவில்லை என்பது எந்தக் கணக்கிலும் இல்லை.

நாகமானை எனக்கு முன்பெல்லாம் பிடிக்காது. சீரியா தேசத்துப் படைத்தலைவன், குஷ்டரோகி. யோர்தானில் போய் ஏழு தரம் முழுகு என்று எலிசா ஆள் விட்டுச் சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் தமஸ்குவில் இல்லாத ஆறா என்று திரும்பிப் போகப் பார்த்தான். அவனுடைய வேலைக்காரர்கள்தான் புத்தி சொன்னார்கள்: பெரிய காரியம் ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர்களே, இந்தச் சின்னதைச் செய்தால் என்ன? பேதுருவும் அந்த ரகம்தான். உம்மோடு சாகவும் ஆயத்தம் என்று சொன்ன அதே ராத்திரியில் ஒரு மணி நேரம் விழித்திருக்க அவனால் முடியவில்லை. சாவதைப் பற்றி அவன் சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. தோட்டத்தில் கத்தியை உருவினவன் அவன். உயிரைக் கொடுக்கத் தைரியம் இருந்தது. தூக்கத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறி ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறவன் பணம் இல்லாதவன் அல்ல. ஆனால் கண்டக்டர் கேட்பது சில்லறை. என் பக்தி முழுவதும் அந்த ஐந்நூறு ரூபாய்த் தாள்தான். நீட்டிக்கொண்டே இலவசமாகப் பயணம் செய்திருக்கிறேன்.

சின்னதில் கீழ்ப்படிவது எப்படி என்று பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் ஒருவர் வாழ்ந்து காட்டினார். சகோதரர் லாரன்ஸ், கார்மேல் மடத்துச் சமையல்காரர், 1691இல் இறந்தார். சமையல் வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காத ஒன்று. அதைத்தான் வருஷக்கணக்காகக் கடவுளுக்கென்று செய்தார். அவருடைய பேச்சும் கடிதங்களும் அவர் இறந்த பிறகு புத்தகமாக வந்தன. அதைப் படித்த வேகத்தில் ஒரு ராத்திரி நான் பாத்திரம் கழுவ இறங்கினேன். முதல் பாத்திரத்தை நிஜமாகவே ஆண்டவருக்கென்று கழுவினேன். இரண்டாவதை, மனைவி பார்க்கிறாளா என்று பார்த்துக்கொண்டு கழுவினேன். அதற்கப்புறம் கழுவினதெல்லாம் கொஞ்சம் சத்தமாக. படுக்கப் போகுமுன் நான் கழுவி வைத்த வெண்கல உருளியைப் பற்றி அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். "அடுப்ப யாரு தொடப்பா?" என்றாள். சமையலறையில் கடவுளைக் காண முதலில் அடுப்பைத் துடைக்க வேண்டும் என்பது அந்தப் புத்தகத்தில் இருந்ததா இல்லையா என்று எனக்கு ஞாபகம் இல்லை. துடைத்தேன், முனகிக்கொண்டே.

யாராவது என்னைத் தட்டிக்கொடுத்து, இவ்வளவு தெரிந்துகொண்டீர்களே, இனி மாறிவிடுவீர்கள் என்று சொல்ல வேண்டாம். என் குறைகளை இவ்வளவு ரசித்து எழுதுகிறேனே, இதிலும் என் சித்தம்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஒன்று பிடிபட்டிருக்கிறது. முனகிக்கொண்டே துடைத்தாலும் அடுப்பு சுத்தமாகிறது. எழுந்துபோக மனமில்லாமல் எழுந்துபோனாலும் மோட்டார் ஓடுகிறது, தொட்டி நிறைகிறது. மனம் முழுவதும் சம்மதித்த பிறகே கீழ்ப்படிவேன் என்று உட்கார்ந்திருந்தால் என் ஆயுசுக்கும் நடக்காது. முழு மனதோடு செய்ய முடியாததை அரை மனதோடாவது செய்துவிட்டு, மீதி அரைக்காக ஜெபிக்கலாம்.

ஆகவே, என்னைப் போல உரத்த குரலில் உடன்படிக்கை சொல்லும் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி முழங்காலில் நின்று, என்னை முழுவதும் எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று சொல்வதற்கு முன்னால், வீட்டில் யாராவது ஒரு சின்ன வேலை சொல்லியிருந்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். சொல்லியிருந்தால் முதலில் அதைச் செய்துவிட்டு வாருங்கள். அவர் காத்திருப்பார்.